இரங்கலும் தொழிலும்: இலக்கியத்தில் நெய்தற் பெண்டிர்

ஐந்திணைக்கும் உரிப்பொருள் வகுத்த இலக்கண நூலார் நெய்தலுக்கு இரங்கலை உரிமையாக்கினர். கடலும் கானலும், ஞாயிறு படும் பொழுதும், தலைவனது தேர்மணியொலி கேளாது வாடி நிற்கும் தலைவியுமே நெய்தல் என்றவுடன் கற்றார் நெஞ்சில் எழும் ஓவியம். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெய்தற் செய்யுள்களைப் பயிற்றுவோர் இவ்வோவியத்தையே மாணவர்க்குத் தீட்டிக் காட்டுவர். அது பிழையானதன்று, ஆயினும் குறையுடையது. இரங்கி நிற்கும் அப்பெண்ணின் கையில் எப்பொழுதும் ஏதோவொரு தொழில் இருக்கின்றது. அவள் மீன் உணக்குகிறாள். உணங்கலைக் கவர வரும் புள்ளை ஓட்டுகிறாள். உப்பை நெல்லாக மாற்றுகிறாள். வட்டி நிறைய மீன் சுமந்து சென்று விலை கூறுகிறாள். இரங்கல் உரிப்பொருளாயிற்று, தொழிலோ தொல்காப்பியர் வகுத்த கருப்பொருள் வரிசையிலே ‘செய்தி’ என்னும் பெயரொடு பின்னணியாயிற்று.

இலக்கணத்தில் இவ்வாறு பின்னணியாக வைக்கப்பட்டது பிற்கால இலக்கியத்தில் மெல்ல மறைந்தது. திறனாய்விலோ முற்றாகவே மறக்கப்பட்டது எனலாம். கடல்சார் இலக்கியத்திற் பெண் காத்திருப்பவளாக மட்டுமே காணப்படுதல் ஏன்? அக்காட்சி கடற்கரை வாழ்வின் உண்மைக்கு எவ்வளவு பொருந்துவது? இவ்விரு வினாக்களும் இலக்கிய மாணவர் ஆராயத் தக்கன.

சங்கச் செய்யுளிற் பெண்டிர் தொழில்

குறுந்தொகையின் 269ஆம் செய்யுள் கல்லாடனார் பாடியது. தந்தை சுறாமீன் எறிந்த புண் ஆறியதும் மீண்டும் கடலுக்குச் சென்றுவிட்டான். தாய் உப்பைக் கொடுத்து வெண்ணெல் பெறும்பொருட்டு உப்பளத்துக்குச் சென்றுவிட்டாள். ஆதலால் தலைவன் இப்பொழுது வந்தால் தலைவியை எளிதிற் காணலாம் என்பது அச்செய்யுளின் குறிப்பு. உரையாளர் இதனை இரவுக்குறி, பகற்குறி என்னும் துறைகளோடு இயைத்து நோக்குவர். ஆயின் இச்சிறு செய்யுளினுள் ஒரு குடும்பத்தின் பொருளியல் முழுவதும் அடங்கியிருத்தல் கருதத்தக்கது. ஆடவன் கடல் நோக்கிச் செல்ல, பெண் நிலம் நோக்கிச் செல்கிறாள். இருவர் செலவும் ஒரே மூச்சில், ஒரே மதிப்போடு சொல்லப்படுகின்றன. தாய் வீட்டில் அமர்ந்து கடலை நோக்கிக் கண்ணீர் வடிப்பவள் அல்லள். அவள் வீட்டில் இல்லாமையே களவுக்கு வாய்ப்பாகின்றது.

மீனைக் கொண்டு மட்டும் எவரும் உயிர்வாழ்தல் இயலாது. பிடித்த மீன் நெல்லாக மாறுதல் வேண்டும்; மாறாதாயின் அது ஒரு பகலிலே நாறிக் கெடும் பண்டம். அவ்வாறு மாற்றும் வேலை சங்கச் செய்யுள்களிற் பெரும்பாலும் மகளிர் கையிலேயே உள்ளது. அகநானூற்றின் 60ஆம் செய்யுளில், திமிலோடு கடல் தொழிலில் தங்கிய தந்தைக்கு அவன் சிறுமகள் சோறு கொண்டு செல்கிறாள். அச்சோறு உப்பு விற்றுப் பெற்ற நெல்லால் ஆயது. அதன்மேல் அயிலை மீன் இட்ட புளிக்கறி. உடன் கொழுமீன் துண்டம். ஒரு கலத்துச் சோற்றினுள் கடலும் உப்பளமும் வயலும் அடுப்பும் ஒன்றாகின்றன. அதே நூலின் 320ஆம் செய்யுளில், திமிலோன் கொணர்ந்த மீனை அவன் தங்கையர் விழா நிகழும் தெருவிலே விலை கூறுகின்றனர்.

கழிக்கரையைக் கடந்து மருத நிலம் புகுந்தாலும் இதே காட்சியைக் காணலாம். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய 47, 48ஆம் செய்யுள்களிற் பாண்மகள் கெடிற்று மீனையும் வரால் மீனையும் வட்டியிலிருந்து சொரிய, மருதநில மனையோள் அவ்வட்டியைப் பயற்றாலும் பழைய வெண்ணெல்லாலும் நிறைக்கிறாள். கொடுப்பவளும் பெண், கொள்பவளும் பெண். அகநானூற்றின் 126ஆம் செய்யுளில் நக்கீரர் காட்டும் பாண்மகள் இன்னும் ஒருபடி மேற்சென்று, பழைய நெல்லை ஏற்க மறுத்து, முத்தும் நல்ல அணிகலனும் பெறுகிறாள். பண்டத்தின் பெறுமதியை அறிந்து பேரம் பேசும் ஒரு வணிகப் பெண்ணின் திறம் அங்கே புலனாகின்றது. இவையெல்லாம் தலைவனுடைய ஊரை அடைமொழியாற் சிறப்பிக்கும் பகுதிகளில் வருவன. புலவர்க்கு அவை அடைமொழி. வரலாறு காண்போர்க்கோ அவையே பொருள்.

அம்மூவனார் பாடிய அகநானூற்று 140, 390ஆம் செய்யுள்கள் தனியே நோக்கத்தக்கன. இரண்டிலும் உமணர் மகள் நெல்லுக்கு உப்பு நேர் என்று தெருவிலே கூவிச் செல்கிறாள். முன்னதில் ஊர் நாய் அவளைப் புதியவளெனக் கண்டு குரைக்க, அவள் அஞ்சுகிறாள். பின்னதில் ஒருவன் அவளை வழிமறித்து, உப்பின் விலை அறிந்தேன், உன் மேனியின் விலை யாது என்னும் கருத்துப்பட வினவுகிறான். அவளோ தன்னைத் தடுத்து நிற்கும் நீர் யாவர் என்று திருப்பிக் கேட்கிறாள். காதற்சுவை என்ற அளவில் இதனைக் கற்று மகிழ்வோர் பலர். எனினும், தலையிற் சுமையோடு பிறர் தெருவுக்குள் நுழையும் பெண்ணுக்கு நேர்வன யாவை என்பதையும் இச்செய்யுள்கள் பதிவு செய்துள்ளன. நாயின் குரைப்பும் ஆடவனின் வழிமறிப்பும் அவள் தொழிலின் பகுதிகள். அவள் விடையிறுத்த திறமும் அத்தொழில் தந்ததே.

இவற்றுக்கெல்லாம் மகுடம் போன்றது நற்றிணையின் 45ஆம் செய்யுள். தேர்ச்செல்வனின் மகனாகிய தலைவனைத் தோழி மறுத்துரைக்கிறாள். தலைவி சிறுகுடிப் பரதவர் மகள். அவனோ கொடி நுடங்கும் மூதூரான். சுறாமீனை அறுத்து உணக்கிப் புள் ஓப்பும் எமக்கு அழகு எதற்கு, எம்மேல் புலால் நாறும், அப்பால் நிற்பீராக என்பது அவள் கூற்றின் சாரம். கடல்நீர் தரும் பயனால் வாழும் தம் சிறிய நல்வாழ்க்கை அவன் வாழ்க்கையோடு ஒப்பதன்று என்கிறாள். தம்மவருள்ளும் சிறந்தோர் உளர் என்றும் முடிக்கிறாள். தாழ்வுரை போலத் தொடங்கிப் பெருமித உரையாக முடியும் இதன் அமைப்பு வியக்கத்தக்கது. புலால் நாற்றம் நாணத்தின் அடையாளமாகாது, எல்லைக்கோடாகின்றது. அந்நாற்றத்தைத் தாங்க மாட்டாதவன் அவளை அடையவும் மாட்டான்.

சங்கப் புலவர் கூறியன அனைத்தும் கடற்கரையின் கணக்கெடுப்பு ஆகா என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பு நியாயமானதே. தலைவியும் தோழியும் புலனெறி வழக்கிற் பிறந்த மாந்தர். உமணரும் பரதவரும் பாணரும் வெவ்வேறு குடியினர். அவர் வாழ்வை ஒன்றாகக் குழைத்தல் தவறு. எனினும் ஒரு செய்தி மறுக்க முடியாதது. பெண்டிர் தொழிலைக் காணாது நெய்தலைப் பாட அப்புலவர்க்கு இயலவில்லை. நற்றிணையின் 331ஆம் செய்யுளில் உலோச்சனார் காட்டும் மகளிர் உணங்கலிற் புள் ஓப்பிய பின், காவலுக்காகக் குவித்த உப்புக் குன்றின்மேல் ஏறி, இது எம் தந்தையின் திமில், அது உம் தந்தையின் திமில் என்று எண்ணுகின்றனர். காத்திருத்தல் இங்கும் உண்டு. ஆயின் அவர்கள் ஏறி நிற்கும் மேடு உழைப்பால் எழுந்த மேடு.

தொழில் தலைக்கீடு ஆதல்

சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலே ஒரு மாற்றம் நிகழ்கின்றது. கோவலன் பாடும் பாடலில் மீன் உணங்கலைக் காத்து நிற்கும் பெண் வருகிறாள்; ஆயின் புள் ஓப்புதல் அவளுக்குத் தலைக்கீடு, அஃதாவது சாக்கு. அவள் உண்மையில் அங்கு உறையும் அணங்கு. காண்போரைக் கொல்லும் கூற்றம். தந்தை வலையால் மீனின் உயிரைக் கொல்ல, மகள் கண்ணால் ஆடவரின் உயிரைக் கொல்கிறாள் என்னும் ஒப்புமை கேட்போர் செவிக்கு இனிது. சொல்நயம் மிக்க அப்பாடல்களின் சுவையைக் குறைத்து மதிப்பிடுதல் எவர்க்கும் ஆகாது. ஆயினும் நற்றிணையில் எதிர்மொழி கூறிய பெண் கானல்வரியிற் பேச்சிழந்து பார்க்கப்படும் பொருளாகிவிட்டாள் என்பதும், அவள் தொழில் அழகின் திரையாகிவிட்டது என்பதும் சுட்டப்பட வேண்டியவை. பாடுவோன் கோவலன்; பெருவணிகன் மகன்; பொழுதுபோக்கக் கடற்கரைக்கு வந்தவன். அவன் கண்ணுக்கு உணங்கல் காக்கும் பெண் அணங்காகத் தோன்றியது இயல்பே. இளங்கோவடிகள் பாடுவோனின் இயல்பறிந்தே பாடலை அமைத்தார் எனலாம்.

பாரதத்தின் மச்சகந்தி கதை இம்மாற்றத்தின் மறுகரையைக் காட்டுகின்றது. அவள் செம்படவர் தலைவனால் வளர்க்கப்பட்டவள். யமுனையில் ஓடம் செலுத்துபவள். மீன் நாற்றம் உடையவள். பராசர முனிவர் அவளை விரும்பி, நாற்றம் நீங்கி ஒரு யோசனை தூரம் நறுமணம் கமழுமாறு வரமளிக்கிறார். மச்சகந்தி பரிமளகந்தி ஆகிறாள். அந்நறுமணமே பின்னர்ச் சந்தனு மன்னனை அவளிடம் ஈர்க்கின்றது. ஓடத்துப் பெண் அரசியாகுமுன் அவள் உடலினின்று தொழிலின் மணம் கழுவப்படுதல் வேண்டும் என்பது அக்கதையின் உள்ளுறை. தமிழ்த் தோழி நாற்றத்தைச் சொல்லித் தலைவனைத் தடுத்தாள். வடமொழிக் காப்பியத்தில் நாற்றம் நீங்கினாலன்றித் தலைவி உயர்தல் இயலவில்லை. இரண்டினையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவர்க்கு ஒப்பியல் நோக்கின் பயனை எளிதில் விளக்கலாம்.

திருவிளையாடற் புராணத்து வலைவீசின படலத்திலும் உமையம்மை புன்னை மரத்தடியிற் குழவியாகக் கிடந்து பரதவர் தலைவனால் வளர்க்கப்படுகிறாள். கடலைக் கலக்கிய சுறாவைப் பிடிப்பவனுக்கு அவள் மணக்கொடையாக வைக்கப்பட, இறைவனே வலைஞனாகி வந்து சுறாவை அகப்படுத்துகிறான். அருளின் எளிமையைப் புலப்படுத்துதல் அப்படலத்தின் நோக்கம். அங்கு இறைவன் ஏற்பது வலைவீசும் தொழில். கரையிலுள்ள பெண்ணின் தொழில் கதைக்குத் தேவைப்படவில்லை. கடலிற் செய்வதே தொழில், கரையிற் செய்வது தொழிலன்று என்னும் எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

காத்திருப்பவள்

இருபதாம் நூற்றாண்டின் கடல் இலக்கியம் பிறமொழிகளிலும் இதே வழியிற் சென்றது. அயர்லாந்து நாடக ஆசிரியர் யோன் மில்லிங்ரன் சிங் எழுதி 1904ஆம் ஆண்டில் அரங்கேறிய ‘கடலை நோக்கிச் செல்வோர்’ என்னும் ஓரங்க நாடகத்தின் தலைவி மௌரியா என்னும் முதியவள். கணவனையும் ஆண்மக்களையும் ஒவ்வொருவராகக் கடலுக்குப் பறிகொடுத்து, இறுதியில் எஞ்சிய மகனையும் இழந்து, கடல் இனித் தன்னிடமிருந்து பறிப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் அமைதியை அவள் அடைகிறாள். நெய்தலின் இரங்கல் வேற்று மொழியில் அடைந்த உச்சம் அது. ஆயினும் சிங் கண்ணுடையவர். திரை எழும்பொழுதே மூத்த மகள் அப்பத்துக்கு மாப்பிசைந்து முடித்து இராட்டையின் முன் அமர்கிறாள். தொலைவிற் கரையொதுங்கிய ஒருவனின் காலுறையைக் கொண்டுவந்து பார்த்தபொழுது, இளைய மகள் தான் பின்னிய கண்ணிகளை எண்ணி, இடையில் தவறவிட்ட நான்கு கண்ணிகளால் அது தன் தமையனுடையதே என அறிகிறாள். இறந்தவனை அடையாளங் காட்டுவது பெண்ணின் கைவேலை. காத்திருத்தலும் உழைத்தலும் வேறல்ல என்பதை இதனினும் செறிவாகக் காட்டிய காட்சி அரிது.

எர்ணெஸ்ற் ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட ‘கிழவனும் கடலும்’ இதற்கு மறுதலை. அக்கதையிற் பெண்ணென்று சொல்லத்தக்கது கடலே. கிழவன் கடலைப் பெண்பாற் சொல்லாலும், இயந்திரப் படகுடைய இளைஞர் ஆண்பாற் சொல்லாலும் வழங்குவர். அவன் மனைவியோ சுவரிலிருந்து எடுத்து மடித்த சட்டைக்கடியில் வைக்கப்பட்ட ஒரு நிழற்படம். உணவு கொணர்தலும் போர்வை போர்த்தலுமாகிய கரைப்பணிகளை ஒரு சிறுவன் செய்கிறான். கரையில் எவரேனும் ஒருவர் அவ்வேலையைச் செய்யாவிடிற் கிழவன் கடலுக்குச் செல்லுதல் இயலாது என்பதை ஆசிரியர் தம்மை அறியாமலே ஒப்புக்கொள்கிறார்.

தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் மலையாளத்தில் எழுதிய ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழர்க்கும் அணுக்கமான நாவல். 1957ஆம் ஆண்டுச் சாகித்திய அக்கடமிப் பரிசு பெற்றது. கடலிற் சென்ற கணவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பிலே தங்கியுள்ளது என்னும் நம்பிக்கை இதன் அச்சாணி. கறுத்தம்மா இளமையிற் பரீக்குட்டியைக் காதலித்தாள், பழனிக்கு மனைவியானாள், பழைய காதல் மீண்டும் எழுந்த இரவிலே பழனி சுறாவோடு போராடிக் கடலில் மாய்கிறான். நாவலின் முடிவு நம்பிக்கையை மெய்ப்பிப்பது போலத் தோன்றும். பலர் அவ்வாறே கொண்டனர். தகழி மூடநம்பிக்கைக்கு அரண் செய்தார் எனக் குறைகூறினோரும் உளர்.

நாவலை ஊன்றிக் கற்போர்க்கு வேறொரு காரணம் புலப்படும். பழனி தனியே சிறு தோணியிற் சென்றது ஏன்? கறுத்தம்மாவைப் பற்றிய அலரைக் கேட்ட ஊரார் அவனைத் தம்மோடு தொழிலுக்குச் சேர்க்க மறுத்தனர். பலர் கூடி வலிக்கும் தோணியில் இருந்திருப்பின் அவன் தனியனாகச் சுறாவின் பின்னே ஆழ்கடலுக்கு இழுபட்டிருக்க மாட்டான். அவனைக் கொன்றது கடலம்மையின் சீற்றமன்று. ஊராரின் நம்பிக்கை அவனைத் தனிமைப்படுத்திற்று. தனிமை அவனைக் கொன்றது. நம்பிக்கை தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் முறை இதுவே. தகழி இதனைக் கருதியே எழுதினாரா என்பது வேறு வினா. நாவலின் நிகழ்ச்சிக்கோவை இப்பொருளுக்கு இடந்தருகிறது என்பதே திறனாய்வாளன் கூறத்தக்கது.

இந்நாவலிற் கறுத்தம்மாவின் தாயாகிய சக்கி கூடை சுமந்து மீன் விற்பவள். செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்கச் சேர்த்த பொருளில் அவள் உழைப்பும் கலந்துள்ளது. எனினும் தோணி செம்பன்குஞ்சின் தோணி எனவே அழைக்கப்படுகின்றது. பெண்ணின் கற்பைப் பற்றி ஓயாது பேசும் ஊர் அவள் கூடையைப் பற்றிப் பேசவில்லை, வாசகரும் பேசவில்லை. 1965இல் றாமு காரியாட் இயக்கத்தில் நாவல் திரைப்படமாகியபொழுது காதலும் கடலுமே உலகறிந்தன.

தமிழில் வண்ணநிலவன் 1977இல் வெளியிட்ட ‘கடல்புரத்தில்’ இவ்வழியினின்று விலகிய நாவல். அதன் தலைவி பிலோமியும் காதலித்துக் கைவிடப்படுகிறாள். ஆயின் அவளைக் கடல் கொள்வதில்லை; ஆசிரியரும் கொல்வதில்லை. அவள் வெறுப்பின்றி வாழ்வைத் தொடர்கிறாள். வள்ளத்துக்கும் இயந்திர லாஞ்சிக்கும் இடையே கரை பிளவுபடும் காலத்தில், மனிதர்மீது அன்பு மாறாதவளாக அவள் நிற்கிறாள். ஈழத்திலே மஹாகவி உருத்திரமூர்த்தி இயற்றிய ‘புதியதொரு வீடு’ என்னும் பாநாடகம் மீனவர் வாழ்வைக் களமாகக் கொண்டது. கடலுக்குப் போய் மீளாதவனின் மனைவி அவன் தம்பியை மணந்து புதிய வாழ்வு தொடங்கிய பின், இறந்தான் எனக் கருதப்பட்டவன் திரும்பி வருகிறான். எவரையும் குற்றவாளியாக்காது இச்சிக்கலை அணுகிய மஹாகவி, காத்திருத்தலையே பெண்ணின் கடமையாக வைத்த மரபை ஒரு முறையேனும் கேள்விக்குள்ளாக்கினார்.

கரையின் உண்மை

இலக்கியம் மறந்ததை ஆய்வாளர் சிலர் எடுத்துரைத்தனர். லீலா குலாத்தி 1984இல் வெளிவந்த தம் ஆய்விற் கேரளக் கரையின் மீனவப் பெண்டிரை விரிவாக ஆராய்ந்தார். 1950களிற் கொல்லத்துக்கு அண்மையில் நோர்வே நாட்டு உதவியோடு தொடங்கிய திட்டம் இயந்திரப் படகையும் பனிக்கட்டியையும் கொணர்ந்தபொழுது, இறால் ஏற்றுமதி பெருகிற்று. இறால் உரிக்கும் கொட்டில்களிற் பெண்டிர் பெருந்தொகையாக வேலை பெற்றனர். மறுபுறம் நைலோன் வலையும் வலை பின்னும் இயந்திரமும் வந்தபின், கையால் வலை பின்னிப் பிழைத்த பெண்டிர் தம் தொழிலை இழந்தனர். இயந்திரம் ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பறித்தது. கன்னியாகுமரிக் கரை முக்குவப் பெண்டிரைப் பற்றிக் கல்பனா ராம் 1991இல் எழுதிய நூல், கடலில் ஏற விலக்கப்பட்ட பெண்டிரே வீட்டின் கடனையும் வரவையும் செலவையும் கையாளுவோர் என்பதை நிறுவிற்று. திருவனந்தபுரப் பகுதி மீன் விற்கும் பெண்டிர், நாற்றத்தைக் காரணங்காட்டிப் பேருந்தில் ஏற்ற மறுத்தமையை எதிர்த்துப் போராடி, 1980களின் தொடக்கத்தில் தமக்கெனத் தனிப் பேருந்து பெற்றனர். நற்றிணைத் தோழியின் புலால் நாற்றம் இங்கே குடியுரிமைப் பிரச்சினையாயிற்று.

பெண் கடலில் இறங்குவதில்லை என்னும் கூற்றும் முழுமையான உண்மையன்று. இராமேசுவரக் கரையிலும் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் பெண்டிர் மூழ்கிக் கடற்பாசி எடுத்து வாழ்கின்றனர். 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தலைமுறையாகச் சென்ற இடமே அவர்க்குத் தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. கொரியாவின் ஜெஜு தீவில் மூழ்கிச் சங்கும் சிப்பியும் எடுக்கும் பெண்டிரின் மரபை யுனெஸ்கோ 2016இல் மானிடப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது.

வட இலங்கையின் கரைகளில் விடியற்காலையிற் சென்று காண்போர்க்கு இவ்வுண்மை விளங்கும். படகு கரை தொட்டதும் வலையிலிருந்து நண்டைக் கால் முறியாது கழற்றுவோருள் பெண்டிர் பலர். கருவாடு பிளந்து உப்பிட்டுக் காயவிடுதலும், நண்டு பதனிடும் தொழிற்சாலைகளிற் சதை பிரித்தலும் அவர் வேலை. 2009இற் போர் முடிந்தபின் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்டிர் தொகை வட மாகாணத்தில் மிகுந்தது. அவருட் கடற்கரையைச் சார்ந்தோர்க்கு இரங்கல் இலக்கியத் துறையன்று. காலையில் எழுந்து வேலைக்குச் செல்வதற்கிடையே தாங்கும் சுமை.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி நிகழ்ந்த ஆழிப்பேரலை கடல் இலக்கியத்தின் அடிப்படை எண்ணத்தையே புரட்டிற்று. கடல் ஆடவர்க்கு இடர் நிறைந்தது, கரை பெண்டிர்க்குக் காப்பானது என்பதே பழைய எண்ணம். அன்று ஆழ்கடலில் நின்ற படகுகளை அலை பெரிதும் வருத்தவில்லை. கரையில் மீனை எதிர்நோக்கி நின்றோரையும் வீட்டிலே குழந்தைகளோடு இருந்தோரையும் அது வாரிக்கொண்டது. தமிழகத்திலும் இலங்கையிலும் பல ஊர்களில் ஆடவரினும் மகளிரே மிகுதியாக இறந்தனர். பின்னர் வழங்கிய உதவியிற் படகுக்கும் வலைக்கும் முதலிடம் கிடைத்தது. கூடையும் தராசும் கருவாட்டுப் பாயும் இழந்தவளின் இழப்பு கணக்கில் ஏறுவது அரிதாயிற்று. அவள் மீனவனின் மனைவியாகப் பதியப்பட்டாள், தொழிலாளியாகப் பதியப்படவில்லை.

இவ்விடத்திற் சொல்லின் ஆற்றல் நினைக்கத்தக்கது. ‘மீனவர்’ என்னும் சொல் படகேறுவோரை மட்டும் சுட்டுமாயின், கடற்றொழிலிற் பெண் இல்லை என்றே கணக்கு முடியும். பிடித்தல், பதனிடல், விற்றல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே மீன்பிடித் தொழில் எனக் கொண்டு உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனமும் பிறரும் 2012இல் வெளியிட்ட அறிக்கை, அத்தொழிலாளருள் ஏறக்குறைய 47 வீதத்தினர் பெண்டிர் எனக் கணித்தது. 2023இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு, சிறு அளவிலான மீன்பிடித் தொழிலில் 10 பேருக்கு 4 பேர் பெண்டிர் என்றது. கணிப்பின் முறை மாறியபொழுது தொழிலில் பாதியளவு வெளிப்பட்டது. அப்பாதி புதிதாகத் தோன்றியதன்று, முன்பும் இருந்தது, காணப்படாதிருந்தது.

முடிபு

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை மறுத்தல் வேண்டுவதில்லை. கடலை நம்பி வாழும் எவர்க்கும் இழப்பு உண்டு. அதனைப் பாடிய புலவர் மெய்யையே பாடினர். ஆயின் இரங்குபவள் யார் என்னும் வினாவைக் கேளாது இரங்கலைச் சுவைத்தல் அரைகுறைச் சுவையாகும். உழைக்காதவளின் இரங்கலுக்கும், தந்தையின் திமிலைத் தான் சேர்த்த உப்புக் குன்றின்மேல் நின்று நோக்குபவளின் இரங்கலுக்கும் வேறுபாடு உண்டு. பின்னையதிற் பயமும் அன்பும் மட்டுமல்ல, கூட்டுத் தொழிலின் பங்காளி ஒருத்தியின் கவலையும் கலந்துள்ளது. அக்கவலையை உணரும்பொழுது செய்யுளின் ஆழம் கூடுமேயன்றிக் குறையாது.

ஆதலால் நெய்தற் செய்யுளைக் கற்பிப்போர் துறையும் உள்ளுறையும் விளக்குவதோடு அமையாது, கருப்பொருளாகிய ‘செய்தி’க்கும் உரிய இடம் அளித்தல் நன்று. கடற்கரை ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன், தன் தாய் விடியலிற் சந்தைக்குச் சுமக்கும் கூடை இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட செய்யுளில் வட்டி என்னும் பெயரோடு இருப்பதைக் கண்டறிவானாயின், இலக்கியம் அவனுக்கு அயலார் சொத்தாகத் தோன்றாது. தாயின் கைமணம் அவனுக்கு நாணமும் தராது. சக்கியின் கூடையைக் காணாது செம்மீனைக் கற்றோர் மீண்டும் ஒரு முறை கற்க வேண்டும். நற்றிணையின் தோழி நின்று பேசிய இடத்திலிருந்தே அக்கற்றல் தொடங்கத் தக்கது.